காய்ச்சல் போன பிறகு... தர்மபுரிப் பக்கம் ஒரு வாரம்

தர்மபுரி என்றதும் நம்மில் பலருக்கு ஒகேனக்கல் அருவியும் பரிசலும் பொரித்த மீனும்தான் ஞாபகத்துக்கு வரும். சேலத்திலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்கோ, வழியில் இறங்கி டீ குடிக்கிற ஊர். நாங்கள் போனது இந்த இரண்டுக்காகவும் இல்லை. என் தங்கையைக் கொஞ்ச நாள் பென்னாகரம் பக்கத்தில் எங்கள் பெரியம்மா வீட்டில் வைத்திருக்கலாம் என்று, 2022 மாசி மாதம் அழைத்துக்கொண்டு போனேன்.

அவளுக்கு 2021 மே மாதம் கொரோனா வந்தது. அந்த இரண்டாவது அலை எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆக்ஸிஜன், ஸ்டீராய்டு ஊசி எல்லாம் போட்டார்கள். பிழைத்து வந்தாள், வீட்டில் திருஷ்டி சுற்றிப் போட்டோம். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். ராத்திரி தூக்கமில்லை, பகலெல்லாம் அசதி. எடை ஏறிக்கொண்டே போயிற்று. தலைமுடியோ கொத்துக் கொத்தாகக் கொட்டிற்று. எட்டு வயசுப் பையன் ஸ்கூல் நோட்டைக் காட்ட வந்தால் எரிந்து விழுவாள். அப்புறம் சமையலறையில் போய் அழுவாள். "காய்ச்சல் போயி எட்டு மாசம் ஆச்சு, இன்னும் என்ன படுக்கை வேண்டியிருக்கு?" என்று அவள் மாமியார் காதில் விழுகிற மாதிரியே சொன்னாராம். பெரியம்மாவுக்கு விஷயம் போனில் போயிற்று. "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. அவளை ஒரு வேலையும் சொல்லாம நான் வச்சுக்கறேன்" என்றார்.

சேலத்திலிருந்து காரில் புறப்பட்டோம். தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கி ஏறும்போது இரண்டு பக்கமும் மலை, காய்ந்த முட்புதர், இடையிடையே பூத்துக் குலுங்கும் மாமரங்கள். கணவாய் தாண்டினால் அதியமான்கோட்டை. அங்கே காலபைரவர் கோவிலில் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்ற அப்படி ஒரு கூட்டம் வருமாம். நாங்கள் போன நாள் அமைதியாக இருந்தது. அருகிலேயே சென்றாயப் பெருமாள் கோவில். மண்டபத்துக் கூரையில் பழைய காலத்து ஓவியங்கள், பாரதக் கதைக் காட்சிகள். அண்ணாந்து பார்த்தவள் உடனே தூணைப் பிடித்துக்கொண்டாள். "தலை சுத்துதுக்கா, நீ பாரு" என்று படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயசில் கோவிலுக்குப் போனால் எங்களை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடுகிறவள் அவள்.

தர்மபுரிக்குப் பழைய பேர் தகடூர். அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது 2004-ல். வறண்ட சீமைதான். ராகி, சாமை, கொள்ளு, புளி, மாங்காய் என்று மழையை நம்பி விளைகிறவைதான் அதிகம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகமாக இருந்ததால் பல்லில் பழுப்புக் கறை விழுந்தவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். எங்கள் பெரியம்மாவுக்கும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த பிறகு காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. இப்போது வளரும் பிள்ளைகளின் பல்லாவது வெள்ளையாக இருக்கட்டும்!

மறுநாள் ஒகேனக்கல். கன்னடத்தில் "ஹொகே" என்றால் புகை, "கல்" நமக்குத் தெரிந்ததுதான். பாறையில் விழுந்து தெறிக்கும் நீர் புகை மாதிரி எழும்புவதால் அந்தப் பேர். மாசியில் வெள்ளம் குறைவு. ஆனாலும் அருவிச் சத்தம் இருக்கத்தான் செய்தது. எண்ணெய்ச் சட்டியோடு உடம்பு பிடித்துவிடுகிறவர்கள், மீனை மசாலா தடவி வரிசையாக அடுக்கியிருக்கும் அடுப்புகள், பரிசல் துறை... தங்கைக்கு அன்றைக்கு அதிசயமாக உற்சாகம் வந்துவிட்டது. தொங்கு பாலத்தில் நடந்தாள். பரிசலில் ஏறினாள். பாறை மேல் ஏறி, பையனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். "எனக்கு சரியாப் போச்சுக்கா!" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அடுத்த நாள் காலை அவளால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஜுரமில்லை, இருமலில்லை. கை கால் ஒவ்வொன்றும் உரல் மாதிரி கனக்கிறது என்றாள். வெளிச்சம் பட்டால் தலைவலி. பெரியம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, "விடு, தூங்கட்டும்" என்றார். அன்றும் மறுநாள் பாதியும் அப்படியே போயிற்று. சுற்றிப் பார்க்கும் திட்டமெல்லாம் மூட்டை கட்டியாயிற்று. சொல்லப்போனால் இந்தப் பிரயாணத்தில் உருப்படியான காரியம் நடந்ததெல்லாம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான்.

மாசி பங்குனி இங்கே புளிக்காலம். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டாம் நாள் சாயங்காலம் தங்கை மெதுவாக வந்து அவர்களோடு உட்கார்ந்தாள். விரல் மட்டும் அசைந்தால் போதும் என்பதால் அவளும் ஒரு கை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அவர்களில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். எங்களுக்கு அவர் "அத்தை". அவர்தான் பேச்சை எடுத்தார்.

"உனக்காவது கொரோனான்னு பேர் இருக்குது கண்ணு. எனக்கு அந்த மூட்டுக் காய்ச்சல் வந்தப்ப, ஊரே படுத்துக் கெடந்துச்சு. காய்ச்சலு அஞ்சு நாளு. அழுகை ஆறு மாசம். காலையில எந்திரிச்சா விரலை மடக்க முடியாது. சாணி அள்ள முடியாது, புள்ளைக்கு ஜடை பின்ன முடியாது. 'நடிக்கிறா'ன்னாங்க. ஒரு நாளு கெணத்தடியில போயி நின்னேன். அப்புறம் திரும்பி வந்துட்டேன்."

யாரும் பேசவில்லை. கொட்டை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் சொன்னது 2006-ஆம் வருஷத்துச் சிக்குன்குனியா. தான்சானியா நாட்டில் 1952-ல் முதன்முதலாகக் கண்ட நோய். அங்குள்ள மகொண்டே மொழியில் அந்தப் பேருக்கு, வலியில் உடம்பு வளைந்து போவது என்று பொருள். 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னைப் பக்கமும் வந்துவிட்டு, அதற்கப்புறம் வெகுகாலம் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 2005 கடைசியில் திரும்பி வந்து, 2006-ல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் பேரைப் படுக்கவைத்ததாக அரசுக் கணக்கு. உயிரை எடுப்பது குறைவு என்பதால் பலரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மூட்டு வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நின்றது. அந்த வலியோடு மனச்சோர்வும் வரும் என்பது கிணற்றடி வரை போன அந்த அத்தைக்கு அன்று யாரும் சொல்லாத விஷயம்.

அவர் பேசி முடித்த பிறகுதான் தங்கை வாய் திறந்தாள். ஒன்பது மாதமாக எங்கள் யாரிடமும் சொல்லாதது அது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் அவள் வயசுள்ள பெண் ஒருத்தி. இருவரும் ராத்திரியில் கையசைத்துப் பேசிக்கொள்வார்களாம். நான்காம் நாள் விடியற்காலை இவள் கண் விழித்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்களாம். "அவ புள்ளைக்கும் எட்டு வயசுக்கா. நான் மட்டும் எதுக்கு வீட்டுக்கு வந்தேன்னு தோணுது" என்றாள். அத்தை புளிக் கையைத் துடைத்துக்கொள்ளாமலே அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை, பெரியம்மாவுக்கு மாதா மாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து தரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண் வந்தாள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தெரியுமல்லவா? 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது. பிரஷர், சர்க்கரை பார்க்கும் கருவிகளோடு வீட்டுக்கே வருகிறார்கள். தங்கை இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. பெரியம்மா சும்மா இருக்காமல், "இவளுக்கும் ஒரு குத்து குத்திப் பாரு" என்றார். வெறும் வயிற்றில் 138! நூறுக்குள் இருக்க வேண்டியது. 126-ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு என்று சந்தேகித்து, லேபில் உறுதி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது சர்க்கரை ஏறியதும், "ஸ்டீராய்டால் ஏறுவது, இறங்கிவிடும்" என்றதும் அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. பலருக்கு இறங்கித்தான் விடுகிறது. இவளுக்கு இறங்கியதா என்று பார்த்தவர்தான் யாருமில்லை.

அன்றே தர்மபுரி டவுனுக்குப் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "காய்ச்சல் விட்டு ஒரு மாசம் கழித்துக் கழுத்தில் முன்பக்கம் வலி இருந்ததா?" என்று அவர் கேட்டதும் தங்கை ஆச்சரியப்பட்டுப் போனாள். இருந்ததாம், காது வரைக்கும் இழுத்ததாம். தொண்டை வலி என்று உப்புத் தண்ணீரில் கொப்பளித்து விட்டுவிட்டாளாம். அப்போது சில வாரம் நெஞ்சு படபடப்பும் இருந்ததாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி., வைட்டமின் பி12 எல்லாம் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

மாலையில் முடிவு வந்தது. ஹெச்.பி.ஏ.1.சி. 6.9. நீரிழிவுக்கு எல்லை 6.5. தைராய்டு மந்தம். ரத்தமும் கொஞ்சம் குறைவு.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். அடுப்பை அணைத்த பிறகும் இரும்புத் தோசைக்கல் வெகுநேரம் சூடாக இருக்குமல்லவா? வைரஸ் போன பிறகும் சிலர் உடம்பில் எதிர்ப்புச் சக்தியின் கொதிப்பு அடங்குவதில்லை. அந்தக் கொதிப்பில் சுரக்கிற பொருள்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. ரத்தத்தில் சர்க்கரை தேங்கும். படுத்தே கிடந்ததில் சதை வற்றிப்போனால், சர்க்கரையைச் செலவழிக்கவும் ஆளில்லை. ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும் மருந்துதான். ஆனால் உள்ளே மறைந்திருக்கிற சர்க்கரை வியாதியை வெளியே கொண்டுவந்துவிடும். சில வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கும். முதலில் தேக்கி வைத்ததைக் கொட்டிவிடுவதால் படபடப்பு. பிறகு கையிருப்பு தீர்ந்து மந்தம். மந்தமானால் அசதி, எடை, முடி கொட்டுதல், மலச்சிக்கல், காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அது தானே சரியாகும். கொதிப்பு மூளையையும் விட்டுவைப்பதில்லை. தூக்கமும் மனசும் கெடும். அதற்கு மேல் பக்கத்துக் கட்டில் ஞாபகமும் சேர்ந்தால்?

"இதுல எது உடம்பு, எது மனசுன்னு பிரிச்சுப் பார்க்காதீங்க. ரெண்டுக்கும் வைத்தியம் உண்டு" என்றார் டாக்டர்.

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே இதற்கு ஒரு வரையறை கொடுத்திருக்கிறது. கொரோனா தொற்று வந்து மூன்று மாதம் ஆன பிறகும் தொந்தரவுகள் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் வந்தவை அல்ல என்றால், அது கொரோனாவுக்குப் பிந்தைய நோய்நிலை. எங்கள் பிரயாணம் முடிந்த அடுத்த மாதமே அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் ஒரு லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று வந்தது. கொரோனா வந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருஷத்தில் புதிதாக நீரிழிவு வரும் அபாயம் 40 சதவீதம் அதிகமாம். பயந்துவிடாதீர்கள், ஆயிரம் பேரில் கூடுதலாகப் பதின்மூன்று பேர் என்பதுதான் அதன் கணக்கு. ஆனால் அந்தப் பதின்மூன்றில் ஒருத்தி நம் வீட்டில் இருக்கலாம். காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு தடவை சர்க்கரை பார்ப்பதில் என்ன நஷ்டம்? அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், சாப்பிட்டும் எடை குறைவது என்று இருந்தால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஒகேனக்கல் போய் வந்து படுத்ததற்கும் டாக்டர் காரணம் சொன்னார். இந்த அசதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டாம். நல்லா இருக்கிற நாளில் மொத்தமாக ஓடியாடினால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ வட்டியோடு வசூலிக்கும். அதனால் முடியும் என்று தோன்றுவதில் பாதிதான் செய்ய வேண்டும். களைப்பு வருவதற்கு முன்பே உட்கார வேண்டும். பத்து நிமிஷம் நடந்து மறுநாள் ஒன்றும் ஆகவில்லை என்றால், அடுத்த வாரம் பன்னிரண்டு. "நடந்தாத்தான் சரியாகும்" என்று விரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பெரியம்மாவுக்கும் டாக்டருக்கும் ஒரு சின்ன வழக்கு. இந்தப் பக்கத்தில் களிதான் சாப்பாடு. ராகி மாவைக் கொதிக்கும் நீரில் போட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி, ஈரக் கையால் உருண்டை பிடித்து, நடுவில் குழி பண்ணிக் கீரைக் கடைசல் ஊற்றித் தருவார் பெரியம்மா. அந்த ருசி நம் நான்ஸ்டிக் சட்டியில் வராது. "சக்கரைக்குக் களி நல்லது, எவ்வளவு வேணா தின்னலாம்" என்பது அவர் கட்சி. ராகியில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு, வாஸ்தவம். ஆனால் அதுவும் மாவுதானே! தேங்காய் அளவு உருண்டை தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கடைசியில் சமரசமாகி, உருண்டை எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நின்றது; கீரையும் அவரையும் கொள்ளுப் பருப்பும் இரண்டு பங்காயின. அதியமான் நெல்லிக்கனியும் தினம் ஒன்று உண்டு. வைட்டமின் சி நிறைய இருக்கிறது, சாப்பிடுங்கள். ஆனால் அதைத் தின்றுவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கடைசி நாள், இடையில் ஒரு நாள் முழு ஓய்வு விட்டு, அரூர் வழியாகச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கிக்குப் போனோம். வழியில் தீர்த்தமலையைக் கீழே இருந்தே கும்பிட்டுக்கொண்டோம். படியேற ஆசைதான், ஆனால் டாக்டர் சொன்ன பாதிக் கணக்கு ஞாபகம் இருந்தது. சிட்டிலிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993-ல் வந்து ஓலைக் குடிசையில் தொடங்கிய ஆஸ்பத்திரி இன்று பெரிதாக வளர்ந்து நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மலைவாழ்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்ஸுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமார் காலத்து எம்பிராய்டரியை மறுபடி கற்றுக்கொண்டு "போர்கை" என்ற பேரில் விற்கிறார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் பெருமிதம் என்று அர்த்தமாம். கறுப்புத் துணியில் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். தங்கை ஒரு தலையணை உறையைத் திருப்பி, பின்பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணத்துக்கு முன் அவள் போடாத தையல் கிடையாது. "இது எப்படி முடிச்சு வர்றாங்கக்கா?" என்று கேட்டாள். மாதக்கணக்கில் அவள் எதைப் பற்றியும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அரை மீட்டர் கறுப்புத் துணியும் நூலும் அரூரில் வாங்கிக்கொண்டோம்.

ஊர் திரும்பியதும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவள் மாமியார் கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். தைராய்டு, சர்க்கரை என்று பேர் வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார். அதற்கப்புறம் காலையில் தண்ணீர் தூக்குவது அவள் வீட்டுக்காரர் வேலை ஆயிற்று. தூக்கமின்மைக்கும் அழுகைக்கும் மனநல டாக்டரிடம் நாலு தடவை போய் வந்தாள்; பக்கத்துக் கட்டிலைப் பற்றி அவரிடமும் சொன்னாள். மனநல டாக்டர் அருகில் இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு, 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. ராத்திரியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். கிணற்றடி நினைப்பு வருகிற யாரும், அவர்களை வீட்டில் வைத்திருக்கிற யாரும் இதைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் புரட்டாசியில் தைராய்டு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். சுரப்பி தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை மாத்திரை ஒன்று இன்னும் தொடர்கிறது. முடி திரும்ப வளர்ந்தது. அசதி மட்டும், மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அப்போது அவள் அடுப்பைப் பையனிடமும் அவன் அப்பாவிடமும் விட்டுவிட்டுக் கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புளி மட்டும் வருஷா வருஷம் பங்குனியில் பென்னாகரத்திலிருந்து ஒரு டின் வந்துவிடும். அத்தை தட்டியது, கொட்டை ஒன்றுகூட இருக்காது.